கொடிமரம் வரைக்கும்

எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று வருடம் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் பயணிகளுக்குக் கார் ஓட்டினேன். உல்லாசக் கப்பல் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது டூரிஸ்ட் கப்பல், அவ்வளவுதான். மார்கழி, தை மாதங்களில் நிறைய வரும், மற்ற மாதங்களில் ஒன்றிரண்டு. விடிகாலையில் வந்து கட்டும், சாயங்காலம் கிளம்பிவிடும். இறங்குகிறவர்களுக்கு ஊரைப் பார்க்க ஒரு பகல்தான் கிடைக்கும். பெரும்பாலோர் பஸ்ஸில் ஏறி மகாபலிபுரம் போவார்கள். கூட்டத்தோடு போகப் பிடிக்காத சிலர் தனிக் கார் கேட்பார்கள். அவர்களைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய்க் கோவில்களைக் காட்டி, கப்பல் ஏணியைத் தூக்குவதற்குள் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. கார் ஓட்டுவதும் நான்தான், கதை சொல்வதும் நான்தான்.

அந்த வேலை கிடைத்ததே நான் வாயைத் திறக்காமல் இருந்ததால்தான். டூர் கம்பெனி முதலாளி என்னைப் பார்த்ததும் கேட்டார்:

"சொந்த ஊர் எதுப்பா?"

"காஞ்சிபுரம் சார்."

"அடடே! அப்போ கோவிலெல்லாம் உனக்கு அத்துப்படியா இருக்குமே. இங்கிலீசும் நல்லா வருது. இதுக்கு மேல யாரைத் தேடப்போறேன்?"

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

நாங்கள் ஓரிக்கைக்குப் பக்கத்தில், பாலாற்றை ஒட்டின காலனியைச் சேர்ந்தவர்கள். தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்ட குடும்பம். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வந்தது மிஷன் பள்ளிக்கூடத்தால். கோபுரங்கள் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் எந்தக் கோவிலுக்குள்ளும் கால் வைத்ததில்லை. தாத்தா சின்ன வயதில் போகப் பார்த்தார், விடவில்லை. அப்பாவுக்குப் போக வேண்டும் என்றே தோன்றவில்லை. என் காலத்தில் சட்டம் மாறிவிட்டிருந்தது. ஆனாலும் கொடிமரத்துக்குப் பக்கத்தில் 'இந்துக்கள் மட்டும்' என்ற பலகை இருந்தது. அதன் கணக்கில் நான் வெளியாள். கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்தால் யாரும் நிறுத்திக் கேட்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் போனதில்லை.

வேலைக்குச் சேர்ந்ததும் மூர்மார்க்கெட்டில் ஒரு பழைய கைடு புத்தகத்தை வாங்கி, பரீட்சைக்குப் படிப்பது போல உருப்போட்டேன். பயணிகளைக் கொடிமரம் வரைக்கும் கூட்டிப்போவேன். "இதற்கு மேல் உங்களுக்கு அனுமதி இல்லை" என்று சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் மண்டபங்களையும் சந்நிதிகளையும் கையை நீட்டி நீட்டி விவரிப்பேன். தினமும் உள்ளே போய் வருகிறவன் போல இருக்கும் என் பேச்சு. இரண்டு வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது வருடம், தை மாதம் என்று நினைவு, ஒரு வெள்ளைக்கார அம்மாள் தனியாக வந்தார். எழுபது வயது இருக்கும். நல்ல உயரம், கையில் தடி, தலையில் ஓலைத் தொப்பி. இங்கிலாந்தில் நாற்பது வருடம் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பூந்தமல்லி தாண்டுவதற்குள் அவரே சொல்லிவிட்டார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவருக்கு வழியில் கண்ட எல்லாமே கேள்வி. ரோட்டில் என்ன காயப் போட்டிருக்கிறார்கள்? வேர்க்கடலை. அந்த மாட்டின் கொம்புக்கு ஏன் நீலம் அடித்திருக்கிறது? பொங்கலுக்கு அடித்தது. எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வழக்கமாகப் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குள் நுழையும்போது ஒரு தெருவின் நீளத்துக்கும் நெசவுப் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். பட்டு இழை அறுந்துவிடக் கூடாதே என்று சுற்றிக்கொண்டு போனதில் கொஞ்சம் தாமதம். கைலாசநாதர் கோவிலில் அவருக்குத் தடை எதுவும் இல்லை. ஒவ்வொரு சிற்பத்தின் முன்னாலும் நின்று பார்த்தார். அங்கிருந்து பெருமாள் கோவில் ஒன்றுக்குப் போனபோது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. கப்பல் ஐந்து மணிக்கு. ஒன்றரைக்குள் ஊரை விட்டுக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

கொடிமரத்தடியில் நின்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. நான் முடிக்கும் வரை கேட்டுவிட்டு, "நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறீர்கள்" என்றார். "நான் ஆசிரியை. மனப்பாடத்தின் சத்தம் எனக்குத் தெரியும். கோபித்துக்கொள்ளாதீர்கள்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"எனக்குத்தான் அனுமதி இல்லை. நீங்கள் போகலாம் அல்லவா?"

"போகலாம் மேடம்."

"அப்படியானால் போய்விட்டு வாருங்கள். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். புத்தகத்தில் இருப்பது வேண்டாம். இன்றைக்கு, இந்த நேரத்தில், உள்ளே என்ன பார்த்தீர்களோ அதை மட்டும் வந்து சொல்லுங்கள்."

மறுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. செருப்பு ஏற்கெனவே வெளியில் கிடந்தது. பலகையைத் தாண்டி நடந்தேன். முதல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. தரை ஈரமாக, வழவழவென்று இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் நாற்றமும் துளசி வாசனையும் கலந்து அடித்தன. எதிரே இன்னொரு நிலைவாசல். அதற்கு அப்பால் மனிதர்களின் முதுகுகளும், அவற்றுக்கு மேலே விளக்கின் மஞ்சள் நிறமும் மட்டும் தெரிந்தன. இருபதடி நடந்தால் போதும்.

என்னால் நடக்க முடியவில்லை. யாரும் தடுக்கவில்லை. ஒருவரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "கொஞ்சம் தள்ளிக்கண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பத்து நிமிடம் நின்றிருப்பேன். பிறகு திரும்பிவிட்டேன்.

அந்த அம்மாள் கல்மேடையில் உட்கார்ந்திருந்தார். நோட்டும் பேனாவும் கையில் தயாராக இருந்தன.

"சொல்லுங்கள்."

வெறும் மண்டபத்தைச் சொல்லி முடிக்க முடியாது. புத்தகத்தைச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். கைக்குழந்தைக்காரியைச் சொன்னேன். அது உண்மை. அடுத்து என்ன சொல்வது என்று தவித்த அந்த நொடியில் என் வாயில் வந்தது இது:

"ஒரு பெரியவர் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார் மேடம். துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "எதற்காக அழுதார்?"

"மகன் தண்ணீரில் போய்விட்டானாம். பக்கத்தில் இருந்தவர் சொன்னார்."

அந்தப் பெரியவர் என் அப்பா. அவர் நின்ற இடம் கோவில் தூண் அல்ல, எங்கள் காலனி ஜெபக்கூடத்தின் சுவர். அதற்கு நான்கு வருடம் முன்னால், தென்னேரிப் பக்கம் நடவு வேலைக்கு வீட்டோடு போயிருந்தபோது, என் தம்பி ஏரியில் இறங்கி மூழ்கிப்போனான். பன்னிரண்டு வயது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் அப்பா ஜெபக்கூடத்துக்குப் போய் அப்படித்தான் நிற்பார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு யோசிக்காமல் எடுத்து, பார்க்காத கோவிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அந்த அம்மாள் நோட்டை மூடி மடியில் வைத்தார்.

"எனக்கும் ஒரே மகன். போரில் அவன் இருந்த கப்பல் மூழ்கிவிட்டது. புதைக்கக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. நான் ஏன் இந்த வயதில் கப்பல் கப்பலாக ஏறுகிறேன் என்று என் தங்கை கேட்பாள். அவளுக்குச் சொன்னாலும் புரியாது." பிறகு, "அந்தப் பெரியவரை நான் பார்க்க வேண்டும்" என்றார்.

"நேரமாகிவிடும் மேடம். கப்பல்..."

"கோவிலை எப்போது மூடுவார்கள்?"

"ஒரு மணிக்கு நடை சாத்துவார்கள்."

"அப்படியானால் அதற்குள் அவர் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? காத்திருப்போம்."

அந்த ஐம்பது நிமிடத்தைப் போல நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. சொல்லிவிடலாம் என்று பத்துத் தடவை வாயெடுத்தேன். வேலை போய்விடுமே என்ற பயம் ஒன்று. அதைவிட, அவர் முகத்தைப் பார்த்தால் நாக்கு எழவில்லை. வெளியே வரும் ஒவ்வொருவரையும் அப்படி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கிழவராக யார் வந்தாலும் என் பக்கம் திரும்புவார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். ஆட்ட ஆட்டப் பொய் கெட்டிப்பட்டுக்கொண்டே போயிற்று.

கடைசியாக நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர் அறுபதைத் தாண்டிய குடியானவர். தோளில் துண்டு, கையில் இலைப் பொட்டலம். கற்பூரப் புகையாலோ என்னவோ கண்கள் சிவந்திருந்தன.

"இவர்தானே?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

நான் தலையசைத்தேன். அன்றைக்குச் செய்ததிலேயே மோசமான காரியம் அதுதான்.

அவர் தடியூன்றிப் போய்ப் பெரியவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "என் மகனும் தண்ணீரில்தான் போனான் என்று இவரிடம் சொல்லுங்கள்" என்றார் என்னிடம்.

பெரியவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். "இன்னாபா சொல்லுது இந்தம்மா?"

"ஒண்ணுமில்ல பெரியவரே. அவங்க புள்ள கடல்ல செத்துப்போச்சாம். கோயிலுக்கு வந்த பெரியவங்களைப் பாத்ததும் நெனப்பு வந்துருச்சு."

"அய்யோ பாவமே." அவர் முகம் இளகிவிட்டது. "தாமல்லேர்ந்து வரேம்மா. பேத்திக்குக் கல்யாணம் கூடிவந்திருக்குது, பெருமாள்கிட்ட சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். உனக்கு ஒரு குறையும் வராதும்மா." இலையைப் பிரித்துக் கொஞ்சம் துளசியை எடுத்து அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தார்.

"என்ன சொல்கிறார்?"

"தைரியமாக இருக்கச் சொல்கிறார் மேடம்."

பெரியவர் எனக்கும் துளசி எடுத்தார். நீட்டிக்கொண்டே, "நீ எந்த ஊருபா?" என்றார்.

"இதே ஊருதான். ஓரிக்கைப் பக்கம்."

"ஓரிக்கையா? என் சம்பந்தி வூடு அங்கதான இருக்குது. நீ யாரு வூட்டுப் புள்ள?"

அவருக்கும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதற்கு மேல் என்னிடம் பொய் இல்லை. "ஆத்தோரம் காலனி" என்றேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மடங்கியது. துளசி மறுபடியும் இலைக்குள் போயிற்று. அவர் கோபப்படவில்லை. ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, "உள்ள போனியா நீ?" என்று கேட்டார்.

"போகல பெரியவரே. முன்மண்டபத்தோட நின்னுட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலபா. சும்மா கேட்டேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மொழி தெரியாவிட்டாலும் ஒரு கை மடங்கியது தெரியாதா? "ஏன் பின்னால் போனார்? உங்களிடம் என்ன கேட்டார்?"

"நேரமாகிவிட்டது மேடம். வண்டியில் போய்க்கொண்டே சொல்கிறேன்."

ஒன்றரைக்குக் கிளம்பினோம். சாப்பிட நிறுத்தட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். பின்சீட்டில் துளசியை மூடின கையோடு உட்கார்ந்திருந்தார். சுங்குவார்சத்திரம் நெருங்கும்போது என்னால் தாங்க முடியவில்லை. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்:

"மேடம், உள்ளே எந்தப் பெரியவரும் அழவில்லை. நான் சந்நிதி வரைக்கும் போகவே இல்லை."

"வண்டியை நிறுத்துங்கள்" என்றார்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். இறங்கிப்போய் மரத்துக்கு அந்தப் பக்கம், வயலைப் பார்த்தபடி நின்றார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அழுகிறாரா, திட்டிக்கொள்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கவும் வெட்கமாக இருந்தது. கால்மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஏறினார்.

"முதலில் அந்த மனிதர் கேட்டதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். எங்கள் காலனியை, பலகையை, தாத்தாவை, எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போனாயா என்று அவர் கேட்டதையும், இல்லை என்று நான் சொன்னதையும் சொன்னேன்.

"அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களை ஒதுக்கினவரிடம். என்னிடம் சொல்ல முடியவில்லை."

வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னேன்: "அழுத பெரியவர் இருக்கிறார் மேடம். அவர் என் அப்பா. மூழ்கினது என் தம்பி. கோவிலில் இல்லை, எங்கள் ஜெபக்கூடத்தில்."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அது மாறவில்லை.

"இது உண்மையா?"

"சத்தியமாக மேடம்."

"இதை நான் எப்படி நம்புவது? நீங்களே சொல்லுங்கள்."

என் வாழ்க்கையில் நடந்த ஒரே பெரிய துக்கத்தை ஒருவரிடம் முதல் தடவையாகச் சொல்கிறேன். அதுவும் இன்னொரு கதையாகத்தான் அவர் காதில் விழுந்தது. தப்பு அவருடையது அல்ல.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியபின் அவரே கேட்டார். "அந்த ஜெபக்கூடம் எங்கே இருக்கிறது?"

"கோவிலிலிருந்து காரில் பத்து நிமிடம்."

"அங்கே என்னைக் கூட்டிப்போயிருக்கலாமே."

"அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை மேடம். ஓட்டுக் கூரை, நாலு சுவர்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூந்தமல்லியில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. நான் கையை ஹாரனிலேயே வைத்துக்கொண்டு, சந்து பொந்தெல்லாம் புகுந்து, நாலே முக்காலுக்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தேன். ஏணியடியில் வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் கையில் பட்டியலோடு இவருக்காகவே காத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அந்த அம்மாள் இறங்கி, தடியை ஊன்றி நின்று, "உங்கள் அப்பா இப்போதும் அங்கே போகிறாரா?" என்று கேட்டார்.

"தினமும் சாயங்காலம் போகிறார்."

தலையை ஆட்டிக்கொண்டார். நம்பினாரா இல்லையா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை. ஏணியில் ஏறிப்போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் யோசிக்கிறேன். ஒரு மன்னிப்பு எங்கிருந்தாவது வேண்டும் போல இருந்தது. அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"நான் நிக்கறதைப் பாத்துக்கினு இருந்தியா நீ?"

"எப்பவாவது பாப்பேன்பா."

"என்னை எதுக்குபா அங்க கொண்டுபோயி நிக்கவெச்ச? வேற ஆளு கிடைக்கலையா உனக்கு?"

அவர் பாதி திரித்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். அன்று சாயங்காலம் ஜெபக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, எல்லோரோடும் எழுந்து வந்தார். அதற்குப் பிறகு நான் ஊரில் இருக்கும் நாட்களில் அவர் சுவரருகே போய் நின்று நான் பார்க்கவில்லை. நான் இல்லாத நாட்களில் போகிறார் என்று அம்மா சொன்னாள்.

கம்பெனிக்கு அந்த அம்மாளிடமிருந்து புகார் வரும் என்று இரண்டு மாதம் பயந்துகொண்டிருந்தேன். ஒரு வரி வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த கப்பலுக்கு முன்னால் நானே முதலாளியிடம் போய், காஞ்சிபுரம் வேண்டாம், மகாபலிபுரம் ரூட்டில் போடுங்கள் என்று கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேனேப்பா" என்றார். அது எவ்வளவு தூரம் நிஜமோ, எனக்குத் தெரியாது. ரூட்டை மாற்றிக் கொடுத்தார். கடற்கரை ஓரமாக, எல்லோரும் எங்கே வேண்டுமானாலும் நுழையக்கூடிய கற்கோவில்களுக்கு மேலும் சில மாதம் ஓட்டினேன். யாராவது ஒரு சிற்பத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டு, எனக்குத் தெரியாமலிருந்தால், தெரியாது மேடம் என்று சொல்லிவிடுவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பிறகு பஸ் டிரைவர் வேலை கிடைத்தது. துறைமுகத்தை விட்டுவிட்டேன்.